1777 முறையில பீரங்கி சக்கரம் செய்றது எப்படி: மரம் எடுக்கிறதுல இருந்து அச்சாணி வரைக்கும்

பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரா அமெரிக்க சுதந்திரப் போர் நடக்கிற நேரம். 1776 டிசம்பர் 26 காலைல, அமெரிக்காவுல ட்ரென்டன் ஊர்ல, பனியும் ஆலங்கட்டியுமா கொட்டிக்கிட்டு இருக்கு. அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டனோட படை முந்தின ராத்திரி டெலவேர் ஆத்தை தாண்டி 18 பீரங்கியோட வந்து இறங்கியிருக்கு. அதுல ஜோசப் வைட்னு ஒரு சார்ஜன்ட். அவர் நின்ன பீரங்கி மூணாவது தடவை வெடிச்சதும் அச்சு முறிஞ்சுபோச்சு. குழல் நல்லாத்தான் இருக்கு, மருந்து இருக்கு, குண்டு இருக்கு, ஆளுங்க இருக்காங்க, ஆனா கீழ தாங்கிக்கிட்டு இருந்த மரம் போயிடுச்சு. எதிரி சுடுறான், இவங்க கையை கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. அப்புறம் பீரங்கிப்படை தலைவர் ஹென்றி நாக்ஸ் குதிரைல வந்து, போய் எதிரியோட ரெண்டு பீரங்கியை ஓடிப்போய் பிடிங்கடான்னு சொல்ல, வாளை உருவிக்கிட்டு ஓடினாங்க. இதை வைட்டே பின்னாடி எழுதி வச்சிருக்கார்.

எனக்கு இந்த ஒரு விஷயம் மனசுல அப்படியே நின்னுபோச்சு. பீரங்கின்னா எல்லாரும் குழலைத்தான் பாக்குறாங்க. ஆனா சண்டையில, அதைவிட வழியில, முதல்ல போறது மரம்தான். அதை சரி பண்ண ஆள் இல்லன்னா அந்த குழல் வெறும் உலோகக்கட்டை. அந்த ஆளுங்களைத்தான் ஆர்டிஃபிசர்னு கூப்பிட்டாங்க. தச்சர், கொல்லர், சக்கரம் செய்றவர், கடைசல் பிடிக்கிறவர், தகர வேலைக்காரர், குதிரை சேணம் தைக்கிறவர்னு கைத்தொழில் தெரிஞ்சவங்க, படையிலேயே சேத்து சம்பளம் குடுத்து வச்சிருந்தவங்க. 1777 ஜனவரில, ட்ரென்டன் முடிஞ்சு மூணே வாரத்துல, வாஷிங்டன் பெஞ்சமின் ஃப்ளவர்ங்கிறவருக்கு இப்படி ஒரு ஆர்டிஃபிசர் படைப்பிரிவை திரட்ட அதிகாரம் குடுத்தார். பென்சில்வேனியால கார்லைல் ஊர்லயும் ஃபிலடெல்ஃபியாவுலயும் அவங்க பட்டறை ஓடிச்சு. அதே 1777ல மாசசூசெட்ஸ்ல ஸ்ப்ரிங்ஃபீல்டுலயும் ஒரு ஆயுதக்கிடங்கும் பட்டறையும் ஆரம்பிச்சாங்க. கார்லைல்ல அந்த வருஷம் கட்டின வெடிமருந்துக் கிடங்கு இன்னைக்கும் நிக்குது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த பட்டறைல ஒரு சக்கரம் எப்படி உருவாச்சோ அதே வரிசைல, கைக்கருவிய வச்சே, நீங்க எப்படி ஒண்ணு செய்யலாம்னு சொல்லப்போறேன். ம்யூசியத்துக்கோ காலேஜ் எக்ஸிபிஷனுக்கோ மாதிரி பீரங்கி செய்றவங்க சிலபேர் கேட்டாங்க, அவங்களுக்காகத்தான். பாக்குறதுக்கு மட்டும்தான் சொல்றேன், இதுல ஏத்தி சுடுறதுக்கு இல்ல. நான் வண்டிப்பட்டறை பாத்து வளந்தவன், அதனால நம்ம ஆசாரிங்க சொல்ற பேரையே சொல்றேன். நடுவுல இருக்கிறது குடம், அதுல இருந்து போறது ஆரக்கால், வெளிவட்டத்துல வர்ற வளைவுத்துண்டு வட்டை, அதுக்கு மேல இரும்பு பட்டா. அமெரிக்காவுல இருந்தவனும் இதே நாலைத்தான் செஞ்சான், முறைதான் கொஞ்சம் வேற.

அளவு. 6 பவுண்டர்னு ஒரு வகை பீரங்கி, குண்டு எடை 6 பவுண்ட், அதாவது சுமாரா 2.7 கிலோ. வெண்கல குழல் மட்டுமே 250 கிலோவுக்கு மேல வரும். அது பின்னாடி உதைக்கிற உதை, குதிரை இழுக்கிற இழுப்பு, குழில விழுற விழுகை எல்லாம் ரெண்டே சக்கரத்துல இறங்குது. அந்த காலத்து சக்கரம் பட்டறைக்கு பட்டறை மாறும், நாலடிக்கு மேல அஞ்சடி வரைக்கும் இருக்கும். நான் கணக்குக்காக 50 அங்குலம் விட்டம் எடுத்துக்கிறேன். குடம் 12 அங்குல விட்டம், ஆரக்கால் 12, வட்டை 6, ஒவ்வொரு வட்டைக்கும் ரெண்டு ஆரக்கால். வட்டை கனம் 3 அங்குலம், ஆழம் 4 அங்குலம்.

ஏன் 6 வட்டை 12 ஆரக்கால்னு யோசிச்சீங்கன்னா அதுல ஒரு அழகான சங்கதி இருக்கு. ஒரு வட்டத்தோட ஆரத்தை காம்பஸ்ல எடுத்து அதே வட்டத்து மேல ஒண்ணை அடுத்து ஒண்ணா வச்சுக்கிட்டே போனா சரியா ஆறு தடவைல ஆரம்பிச்ச இடத்துக்கே வந்து சேரும். கோணமானி வேணாம், கணக்கு வேணாம், எழுதப்படிக்க தெரியாத ஆசாரிகூட தப்பில்லாம ஆறா பிரிச்சிடுவார், ஒவ்வொண்ணையும் பாதியாக்கினா பன்னெண்டு. குடத்துலயும் இப்படித்தான் குறிக்கணும், வட்டை பலகைலயும் இப்படித்தான்.

மரம்தான் எல்லாத்துக்கும் மூலம், இதுல அவசரப்பட்டா மத்த எல்லா வேலையும் வீண். இங்கிலீஷ் முறைல குடத்துக்கு எல்ம், ஆரக்காலுக்கு ஓக், வட்டைக்கு ஆஷ். இதுல ஒவ்வொண்ணுக்கும் காரணம் இருக்கு. எல்ம் மரத்துல நார் பின்னிப்பிணைஞ்சு கிடக்கும், பன்னெண்டு ஓட்டை போட்டு சம்மட்டியால ஆரக்காலை அடிச்சு இறக்கினாலும் பிளக்காது. ஓக் பாரத்தை நிமிந்து தாங்கும். ஆஷ் கொஞ்சம் வளைஞ்சு குடுக்கும், அதனால அடி வாங்குற வெளிவட்டத்துக்கு. நம்ம ஊர்ல செய்றவங்க கருவேலமே எடுத்துக்கோங்க, மாட்டுவண்டி சக்கரம் தலைமுறை தலைமுறையா அதுலதான் ஓடியிருக்கு. வைரம் பாஞ்ச மரமா பாத்து எடுங்க, வெளுத்த பக்கத்தை செதுக்கி தள்ளிடுங்க.

காய விடுற கணக்கு: பலகை ஒரு அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம். அப்போ 3 அங்குல வட்டை பலகைக்கு 3 வருஷம், குடத்துக்கு அதைவிட ஜாஸ்தி. குடக்கட்டைல நடுவுல முன்கூட்டியே ஒரு ஓட்டை போட்டு நிழல்ல வச்சா உள்ளயும் வெளியயும் ஒண்ணா காயும், வெடிப்பு கம்மியாகும். சண்டை நடக்கிற நேரத்துல எவன் மூணு வருஷம் காத்திருப்பான்? அதனாலதான் அந்த படைல பச்சை மரத்துலயும் வேலை பண்ண வேண்டிய நிலைமை வந்துச்சு, பச்சை மரம் சுருங்கி கழுந்து (துளைக்குள்ள செருகுற முனை) ஆட ஆரம்பிச்சு சக்கரம் கடகடன்னு சத்தம் போட ஆரம்பிக்கும். நானும் இந்த தப்பை பண்ணியிருக்கேன். முதல்ல பாதி அளவுல ஒரு சக்கரம் செஞ்சப்போ எட்டு மாசம் காஞ்ச மரம் போதும்னு நினைச்சேன். பங்குனி வெயில் வந்ததும் வட்டை ஜாயின்ட் எல்லாம் வாய் பொளந்துடுச்சு, ஆரக்காலை கையால பிடிச்சு ஆட்ட முடிஞ்சுது. மொத்தத்தையும் பிரிச்சு புதுசா செய்ய வேண்டியதா போச்சு. அதனால சொல்றேன், மரக்கடைல காஞ்சதுன்னு சொன்னா நம்பிடாதீங்க, எடை போட்டு எழுதி வைங்க, ஒரு மாசம் கழிச்சு மறுபடி எடை போடுங்க, குறைஞ்சுக்கிட்டே இருந்தா இன்னும் காயலன்னு அர்த்தம்.

குடத்தை கடைசல்ல பிடிச்சு உருட்டிக்கோங்க. ரெண்டு முனைலயும் ஆரக்கால் வரிசைக்கு ரெண்டு பக்கமும் இரும்பு பூண் சூடா மாட்டி தண்ணி ஊத்தி இறுக்கிடணும், இது ஓட்டை போடுறதுக்கு முன்னாடியே. அப்புறம்தான் பன்னெண்டு துளை. ஒவ்வொரு துளையும் 3 அங்குல நீளம், ஒண்ணேகால் அங்குல அகலம், ஆழம் 3 அங்குலத்துக்கு கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல ஆழமா போனீங்கன்னா உள்ள போகப்போக துளைங்க நெருங்கி நடுவுல சுவரே இல்லாம போயிடும். முதல்ல துறப்பணத்தால மூணு மூணு ஓட்டை போட்டுட்டு உளியால சதுரமாக்குங்க.

இங்க ஒரு நுணுக்கம், இதை விட்டா சக்கரமே இல்ல. பீரங்கி சக்கரம் தட்டையா இருக்காது. ஆழமில்லாத ஒரு தாம்பாளத்தை நிக்க வச்ச மாதிரி ஆரக்கால் எல்லாம் லேசா வெளிப்பக்கம் சாஞ்சிருக்கும். வண்டி ஒரு பக்கமா சரிஞ்சு ஓடுறப்ப பாரம் பக்கவாட்டுல தள்ளும், தட்டையான சக்கரமா இருந்தா அந்த தள்ளுல உள்வாங்கி மடங்கிடும், சாஞ்சு நிக்கிற ஆரக்கால் அந்த தள்ளை எதிர்த்து முட்டு குடுக்கும். சரி, சாஞ்சு நின்னா பாரம் எப்படி தாங்கும்னு கேப்பீங்க. அதுக்குத்தான் அச்சோட முனையை கொஞ்சம் கீழ்நோக்கி செதுக்குவாங்க. அப்போ தரையைத் தொடுற ஆரக்கால் மட்டும் சரியா செங்குத்தா நிக்கும், மேல இருக்கிறது வெளிய விரிஞ்சு நிக்கும். பழைய படத்துல பீரங்கி சக்கரம் மேல விரிஞ்ச மாதிரி இருந்தா ஓவியர் தப்பா வரைஞ்சார்னு நினைக்காதீங்க, அப்படித்தான் இருக்கணும்.

அதனால குடத்துல துளை போடுறப்பவே அந்த சாய்வு வரணும். ஒரு நீளமான சட்டத்தை குடத்தோட நடு ஓட்டைல சுத்துற மாதிரி மாட்டி, சக்கர விளிம்பு வர்ற தூரத்துல ஒரு குச்சியை செருகி வைங்க. ஒவ்வொரு ஆரக்காலையும் அடிச்சு இறக்குறப்ப அந்த குச்சி முனையை தொடுதான்னு பாத்துக்கிட்டே அடிங்க. எல்லாம் ஒரே மாதிரி தொட்டா சாய்வு சரி.

ஆரக்காலை அறுக்கக்கூடாது, பிளக்கணும். இது ஆசாரிங்க அடிச்சு சொல்ற விஷயம். ரம்பம் நாரை குறுக்க வெட்டிக்கிட்டு போயிடும், பிளந்தா நார் தலைல இருந்து கால் வரைக்கும் அறுபடாம ஓடும். குடத்துல இருந்து வட்டை வரைக்கும் கண்ணுக்கு தெரியுற நீளம் 15 அங்குலம், குடத்துக்குள்ள போற கழுந்து 2¾, வட்டை வழியா போற முனை 4, ஆக 22 அங்குலத்துக்கு கொஞ்சம் கம்மி. 26 அங்குலமா பிளந்து எடுத்துக்கோங்க, முனையில வெடிப்பு இருந்தா வெட்டி எறிய இடம் வேணும். வாச்சியால செதுக்கி இழைப்புளியால முடிங்க, முன்பக்கம் கொஞ்சம் பட்டையா பின்பக்கம் உருண்டையா. கழுந்து கொட்டாப்புளில போற அளவுக்கு இருந்தா அது லூசுன்னு அர்த்தம், சம்மட்டிதான் வேணும். அடிக்கிறப்ப சத்தம் மாறும். முதல்ல தொப்பு தொப்புன்னு கேக்கும், கடைசில ஆரக்கால் குடத்துல உக்காந்ததும் கோயில் மணி மாதிரி ஒரு கணீர். அந்த சத்தம் கேக்கிற வரைக்கும் விடாதீங்க.

வட்டைக்கு பலகை எவ்வளவு வேணும்னு நிறைய பேர் தப்பு பண்றாங்க. 4 அங்குல ஆழம்னா 4 அங்குல பலகை போதாது, வளைவு இருக்கில்ல. 50 அங்குல சக்கரத்துல ஆறுல ஒரு பங்குக்கு 7 அங்குல அகலமும் 26 அங்குல நீளமும் இருக்கிற பலகை வேணும். அட்டைல ஒரு மாதிரி வெட்டி வச்சு ஆறுக்கும் அதையே பயன்படுத்துங்க. வட்டையும் வட்டையும் சேர்ற முகத்துல ஒரு அங்குல மரமுளை போகும். அந்த சேர்மானத்தை முழுசா ஒட்ட வைக்காதீங்க, ஒவ்வொண்ணுலயும் ஒரு காசு கனத்துக்கு இடைவெளி விடுங்க, பட்டா இழுக்கிறப்ப அது மூடிக்கும். இடைவெளி இல்லன்னா பட்டா வட்டையைத்தான் இறுக்கும், ஆரக்காலை குடத்தோட இறுக்காது.

வட்டையை மாட்டுறப்ப ரெண்டு ஆரக்கால் முனையும் வெளிய விரிஞ்சு நிக்கும், ஓட்டைக்குள்ள போகாது. அதுக்கு ஒரு நெம்புகோல் மாதிரி கருவி உண்டு, ஒரு ஆரக்கால்ல கொக்கியை போட்டு இன்னொண்ணை நெம்பி பக்கத்துல இழுத்து, இன்னொருத்தர் அந்த நேரம் பாத்து வட்டையை அடிச்சு இறக்கணும். தனியாளா செய்ய முடியாது, ரெண்டு பேர் வேணும். முனைல ஆப்பு அடிச்சு முடிங்க.

பட்டாவுலதான் நம்ம ஊர் முறைக்கும் அவங்க முறைக்கும் பெரிய வித்தியாசம். நம்ம ஊர்ல பட்டா முழு வளையம். வறட்டியை அடுக்கி தீ மூட்டி வளையத்தை சிவக்க காய்ச்சி, நாலு பேர் குறடால தூக்கிட்டு வந்து சக்கரத்து மேல போட்டு தண்ணி ஊத்துவாங்க, புகையும் ஆவியுமா அந்த இடமே மறைஞ்சு போகும். 18ஆம் நூற்றாண்டு பீரங்கி சக்கரத்துல துண்டு துண்டா ஆறு பட்டா. ஒவ்வொரு துண்டும் ஒரு வட்டை நடுவுல ஆரம்பிச்சு அடுத்த வட்டை நடுவுல முடியும், ரெண்டு வட்டை சேர்ற இடம் எப்பவும் பட்டாவோட நடுவுல இருக்கும். சாம்சன்னு ஒரு இறுக்குற கருவி வச்சு அந்த சேர்மானத்தை முதல்ல இழுத்து மூடி, சூடான துண்டை வச்சு பெரிய தலை ஆணியா அடிச்சு, உடனே தண்ணி ஊத்தணும். இரும்பு சுருங்கி மிச்ச இடைவெளியையும் இழுத்துடும்.

முழு வளையம்தான் பலமானது, எனக்கு அதுல சந்தேகமே இல்ல. ஆனா யோசிச்சு பாருங்க, எதிரி பின்னாடி வர்றான், வழில பட்டா ஒரு இடத்துல வெடிச்சிடுச்சு. முழு வளையம்னா மொத்தத்தையும் கழட்டி, வெட்டி ஒட்டவச்சு, சக்கரம் அளவுக்கு தீ மூட்டணும். துண்டுன்னா ரெண்டடி நீள இரும்பு ஒண்ணு போதும், வண்டில கூடவே வர்ற கொல்லுலைல, துருத்தி அடிச்சு, காய்ச்சி, அரை நாள்ல வேலை முடியும். கூடவே வர்ற கொல்லுலைன்னு ஒண்ணு நெஜமாவே இருந்துச்சு, சக்கரத்து மேல உலையும் துருத்தியும், குதிரை இழுக்கும். படை எங்கயோ அங்க பட்டறை.

அளவு எடுக்க கைப்பிடி வச்ச ஒரு சின்ன தகர சக்கரம் போதும். அதுல சுண்ணாம்புல ஒரு குறி போட்டு, பெரிய சக்கரத்து விளிம்புல ஒரு சுத்து ஓட்டி எத்தனை சுத்துன்னு எண்ணிக்கோங்க, அதே எண்ணிக்கை இரும்பு மேலயும் வரணும். நம்ம கணக்குல சுத்தளவு 157 அங்குலம், ஆறா பிரிச்சா ஒவ்வொரு துண்டும் 26 அங்குலத்துக்கு சொச்சம். சூடு பண்றப்ப பக்கத்துல தண்ணி வாளி, மண், தோல் கையுறை, கண்ணுக்கு கண்ணாடி இதெல்லாம் இல்லாம இறங்காதீங்க. நைலான் சட்டை வேணவே வேணாம்.

கடைசில குடத்து நடுவுல அச்சு போற ஓட்டை. இதை முதல்லயே முடிச்சிடக்கூடாது, சக்கரம் முழுசா ஆனப்புறம் விளிம்பை வச்சு நடு கண்டுபிடிச்சுத்தான் குடையணும், இல்லன்னா சக்கரம் ஓடுறப்ப தலையாட்டும். முன்னும் பின்னும் இரும்பு குழாய் மாதிரி ஒரு உறை அடிச்சு இறக்கி, சுத்திவிட்டு, விளிம்புக்கு பக்கத்துல ஒரு குச்சியை நட்டு வச்சு பாருங்க. இடைவெளி கூடிக் குறைஞ்சா உறை பக்கத்துல ஆப்பு அடிச்சு சரி பண்ணுங்க. இதுக்கு பொறுமை வேணும், எனக்கு ஒரு முழு நாள் போச்சு.

அச்சு அந்த படைல பெரும்பாலும் மரம்தான், அடில இரும்பு பட்டை வச்சு, தேயுற முனைல தகடு அடிச்சு பலப்படுத்தினது. பிரான்ஸ்ல க்ரிபோவால்ங்கிற பீரங்கி அதிகாரியோட முறை வந்தப்போதான் இரும்பு அச்சு பீரங்கிக்கு வழக்கமாச்சு. ட்ரென்டன்ல முறிஞ்சது ஏன்னு இப்ப புரியும்.

இன்னொரு தலைவலியும் அந்த ஆர்டிஃபிசருங்களுக்கு இருந்துச்சு, மாதிரி செய்றவங்களும் இதை கவனிக்கணும். அந்த படைல இருந்த பீரங்கி எல்லாம் ஒரே வீட்டு பிள்ளைங்க இல்ல. 1775-76 குளிர்காலத்துல நாக்ஸ் டிகான்டெரோகா கோட்டைல இருந்து பாஸ்டன் பக்கம் வரைக்கும் சுமார் 300 மைல், மாடு இழுக்கிற பனிச்சறுக்கு வண்டில அறுபதுக்கு கிட்ட குழல் கொண்டு வந்தார், வகை வகையானது. 1777ல ஆம்ஃபிட்ரீட்ங்கிற கப்பல்ல பிரெஞ்சு வெண்கல பீரங்கி வந்து இறங்குச்சு. சண்டைல பிடிச்ச பிரிட்டிஷ் பீரங்கி தனி. பிரெஞ்சுக்காரனோட பவுண்டே இங்கிலீஷ் பவுண்டை விட கனம், ஒண்ணு 489 கிராம், இன்னொண்ணு 454 கிராம். 4 பவுண்டர்னு ரெண்டுலயும் எழுதியிருந்தாலும் குண்டு ஒண்ணு இல்ல. வண்டியும் அப்படித்தான், இதோட உபரி சக்கரம் அதுல ஏறாது. அதனால நீங்க செய்றப்ப எந்த பீரங்கி, யாரோடது, எந்த வருஷம்னு முதல்ல முடிவு பண்ணிட்டு அளவு எடுங்க. பிரிட்டிஷ் முறைன்னா வுல்விச் ராணுவ அகாடமில வாத்தியாரா இருந்த ஜான் முல்லரோட பீரங்கி நூல்ல வண்டி அளவெல்லாம் அட்டவணையா இருக்கு. அதை 1779ல ஃபிலடெல்ஃபியாவுலயே மறுபடி அச்சடிச்சாங்க, அவ்வளவு தேவைப்பட்டிருக்கு.

1778-79 குளிர்காலத்துல ப்ளக்கமின்ங்கிற இடத்துல நாக்ஸ் பீரங்கிப்படைக்குன்னே ஒரு முகாம் போட்டார், அதிகாரிங்களுக்கு வகுப்பு ஒரு பக்கம், உலையும் பட்டறையும் ஒரு பக்கம். 1779 பிப்ரவரில பிரான்ஸ் கூட்டணியோட வருஷ நாளை கொண்டாட 13 வளைவு வச்ச பெரிய அலங்கார முகப்பு ஒண்ணை நிறுத்தி வாணவேடிக்கை விட்டாங்க. பின்னாடி தொல்லியல்காரங்க அந்த இடத்தை தோண்டி நிறைய எடுத்திருக்காங்க. படிக்கிற இடமும் சம்மட்டி சத்தமும் ஒரே முகாம்ல இருந்தது எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம். இந்த ஆர்டிஃபிசர் வேலைய ஆரம்பிச்சு நடத்தின ஃப்ளவர், போர் முடியுறதை பாக்காமலே 1781ல இறந்துட்டார்.

சக்கரம் முடிஞ்சதும் ஆளி விதை எண்ணெய் கலந்த பெயின்ட் ரெண்டு கோட் அடிங்க, முக்கியமா வட்டை ஜாயின்ட்லயும் ஆரக்கால் குடத்துல நுழையுற இடத்துலயும் நல்லா ஊறுற மாதிரி. பெயின்ட் அழகுக்கு இல்ல, ஈரம் உள்ள போகாம இருக்க. அச்சு முனைக்கு அவங்க மிருகக் கொழுப்பும் தாரும் கலந்து தடவினாங்க, நமக்கு க்ரீஸ் போதும். ஒரு கோடை தாண்டினப்புறம் பட்டா ஆணியை ஒவ்வொண்ணா தட்டி பாருங்க, மங்கலா சத்தம் வந்தா அந்த இடம் லூசு, அந்த ஒரு துண்டை மட்டும் கழட்டி திரும்ப சூடு பண்ணி அடிங்க. ஆரக்கால் ஒண்ணு வெடிச்சா அதை மட்டும் உருவ முடியாது, ரெண்டு பட்டா துண்டை எடுத்து வட்டையை கழட்டினாத்தான் வெளிய வரும். கையில நேரமில்லாதப்ப ஆரக்கால் பக்கத்துல ஒரு கட்டையை வச்சு கயித்தால இறுக்கி கட்டி ஓட்டுறதுதான் வழி.

அப்புறம் அச்சாணி. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாதுன்னு சும்மாவா சொன்னாங்க. சக்கரத்தை மாட்டி, வெளில ஒரு இரும்பு வளையத்தை போட்டு, அச்சாணியை மேல இருந்து கீழ செருகி, அதோட அடிமுனை ஓட்டைல தோல் வார் ஒண்ணு கட்டிடுங்க. ஒவ்வொரு தடவை வண்டியை நகத்துறதுக்கு முன்னாடியும் ரெண்டு பக்கமும் கையால தொட்டு பாத்துட்டு நகத்துங்க.